புகார்ப் பிரிவின் ஆப்பிள் பகிர்வு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரும் பெயர் சொல்லாமலே போய்விட்டார். ஆனால் ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை தூவிப் பக்கத்து மேஜைக்காரருக்குக் கொடுத்தால் ஒரு நிறுவனமே உருப்பட்டுவிடும் என்று கண்டுபிடித்தவரை எனக்குத் தெரியும். அவர் எங்கள் பொது மேலாளர். அந்த மாபெரும் நிகழ்வு நடந்தபோது அதே கட்டடத்தில் நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் என்பதே என் பிறவிப் பயன்.

நாங்கள் சலவை இயந்திரம் விற்கும் நிறுவனம். நான் இருப்பது புகார்ப் பிரிவு. நிறுவனத்திலேயே ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் இயங்குவது எங்கள் பிரிவுதான். இயந்திரங்களின் தரம் அப்படி. நீளமான அறை, ஒட்டிப் போட்ட மேஜைகள், திறக்காத ஒரு ஜன்னல், நாள் முழுவதும் அலறும் தொலைபேசிகள். வாங்கிய இயந்திரம் துணியைத் துவைக்காமல் தின்றுவிட்டது என்று ஒருவர் கத்துவார். கதவு திறக்கவில்லை, உள்ளே கல்யாணச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது, அரை மணியில் முகூர்த்தம் என்று இன்னொருவர் கதறுவார்.

இவர்களையெல்லாம் வழிக்குக் கொண்டுவருவதற்கென்றே எங்களிடம் ஓர் அம்மையார் இருந்தார். எல்லோரும் அவரைச் 'சமாதானம்' என்றுதான் கூப்பிடுவோம். எனக்குச் சமாதானம் அக்கா. எங்களால் முடியாத அழைப்பு எதுவானாலும், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று ரிசீவரை நீட்டிவிடுவோம். அவர் வாங்கிக் காதில் வைத்த சற்று நேரத்தில் எதிர்முனை சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒருமுறை, வழக்குப் போடுவேன் என்று ஆரம்பித்தவர் தம் மகளுக்கு வரன் இருந்தால் சொல்லுங்கள் என்று முடித்தார்.

இப்படிப்பட்ட அலுவலகத்தில் 'ஒற்றுமை' போதவில்லை என்று பொது மேலாளருக்குத் தோன்றியது. மலை உச்சியில் ஒரு ஹோட்டலில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததும் தோன்றியது. உடனே கூட்டம் கூட்டினார்.

"இனிமே நாம ஊழியர்கள் இல்ல. குடும்பம்" என்றார்.

கணக்காளர் பயந்துபோய், "சம்பளம் வருமா சார்?" என்றார்.

"வரும். ஆனா அதைவிடப் பெருசா ஒண்ணு வரப்போகுது. பகிர்வு! அடுத்த வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரும் ஒரு ஆப்பிள் இனிப்பு கொண்டு வரணும். எளிமையா இருக்கணும். வீட்ல செஞ்சதா இருக்கணும். எல்லாரும் பகிர்ந்து சாப்பிடணும்."

"ஏன் சார் ஆப்பிள்?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்விக்காகவே அவர் மலையேறி இறங்கியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "ஆப்பிள்ல புளிப்பும் இருக்கு, இனிப்பும் இருக்கு. ஊழியர்களும் அப்படித்தான்."

"கொட்டையும் இருக்கே சார்?"

"அதை எடுத்துடணும்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். யாரைச் சொல்கிறார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கைதட்டும்போது யோசிக்க வராது. இரண்டும் ஒரே சமயத்தில் செய்யக்கூடிய வேலைகள் அல்ல.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள்.

"எளிமையானதுன்னு தானே சொன்னாரு? அப்ப நீங்களே செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

செய்தேன். சர்க்கரையைக் காய்ச்சி ஆப்பிள் துண்டுகளை அதில் புரட்ட வேண்டும் என்று ஒரு காணொளியில் பார்த்திருந்தேன். அதில் ஒரு பெண்மணி பாட்டுப் பாடிக்கொண்டே செய்தார். நானும் பாடினேன். பாட்டு முடிவதற்குள் சர்க்கரை பாறையாகிவிட்டது. உள்ளே ஆப்பிள் இருந்ததற்கான அடையாளங்கள் அங்கங்கே தெரிந்தன. மனைவி வந்து கரண்டியால் தட்டிப் பார்த்தாள். 'டங்' என்றது.

"கண்டிப்பா எல்லாருக்கும் குடுங்க" என்றாள். "எங்க டாக்டருக்கு இந்த மாசம் கூட்டம் கம்மி."

வெள்ளிக்கிழமை வந்தது. கோப்புகளை ஒதுக்கிவிட்டு நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தொலைபேசிகளின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. 'பகிர்வு வேளையில் புகாருக்கு இடமில்லை' என்று சுவரில் ஒரு பதாகை. புகார்ப் பிரிவில் இப்படி ஒரு பதாகை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்காளர் ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொண்டுவந்திருந்தார். பல் முளைக்காத பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பொது மேலாளர் பட்டு ரிப்பன் கட்டிய அட்டைப் பெட்டியைத் திறந்து ஒரு கேக்கை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் பேக்கரியின் பெயர் பளபளத்தது.

கணக்காளர் மெதுவாக, "சார், இது கடைல வாங்கினது மாதிரி..." என்று இழுத்தார்.

"பேக்கரிக்காரர் கடைக்கு மேலதான் குடியிருக்காரு" என்றார் பொது மேலாளர். "அப்ப அது வீட்ல செஞ்சதுதானே?"

தலைமைப் பண்பு என்பது இதுதான். நானெல்லாம் எத்தனை மலை ஏறினாலும் இந்தப் பதில் வராது.

கடைசியாகச் சமாதானம் அக்கா ஓர் எவர்சில்வர் தூக்கின் மூடியைத் திறந்தார். பட்டையும் வெண்ணெயும் கலந்த வாசனை அறையைச் சுற்றி வந்தது. மெல்லிய ஆப்பிள் துண்டுகள், அவற்றின் மேல் பொடித்த பிஸ்கட், மறுபடி ஆப்பிள், மறுபடி பிஸ்கட். மேல் பக்கம் பொன்னிறமாக முறுகியிருந்தது. ஒரு வாய் சாப்பிட்டதும் நான் தட்டை மறுபடி நீட்டினேன். பொது மேலாளர் தம் கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"இதுல என்னம்மா ரகசியம்?"

"ரகசியம் ஒண்ணும் இல்ல சார். ஆப்பிளை மெலிசா நறுக்கி எலுமிச்சைச் சாறுல பொரட்டணும். தீயைக் கம்மியா வச்சுக்கணும். ஆகிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். அவ்வளவுதான்."

"பாத்தீங்களா!" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் கையில இருந்த திறமை இப்ப எல்லார் கையிலயும் வந்துடுச்சு. இதுதான் பகிர்வு!" சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பெரியவர்களின் தலைக்குள் பெரிய யோசனை நுழையும்போது முகம் இப்படித்தான் காலியாக இருக்கும்.

திங்கட்கிழமை அந்த யோசனை வெளியே வந்தது. ஆப்பிளுக்குச் செய்முறை இருக்கும்போது வேலைக்கு ஏன் இருக்கக் கூடாது? ஒவ்வொருவரும் தம் வேலையை எளிய படிகளாகச் சொல்ல வேண்டும்; முதலில் சமாதானம்.

"போன்ல கத்துறவங்களை எப்படிம்மா வழிக்குக் கொண்டு வர்றீங்க?"

அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "மொதல்ல கத்தி முடிக்க விடணும் சார். குறுக்க பேசக் கூடாது. அப்புறம் மெஷினைப் பத்திக் கேக்கக் கூடாது, துணி நனைஞ்சு கெடக்கான்னு கேக்கணும். நனைஞ்சு கெடந்தா, புழிஞ்சு ஒரு கயித்துல போடச் சொல்லணும். அவங்க காயப் போடுறதுக்குள்ள கோவம் பாதி ஆறிடும்."

பொது மேலாளர் பரவசப்பட்டார். மறுநாளே அந்தப் படிகள் அழகாக அச்சாகி எல்லாத் தொலைபேசிகளுக்குப் பக்கத்திலும் ஒட்டப்பட்டன. அன்று மாலை அக்காவைத் தம் அறைக்கு அழைத்தார். கதவு சாத்தியிருந்தாலும் எங்கள் நிறுவனத்தின் கதவுகள் எங்கள் நிறுவனத்தின் இயந்திரங்களைப் போலத்தான், சரியாக மூடாது.

"நீங்க செஞ்சது பெரிய தியாகம்மா. உங்ககிட்ட இருந்த எல்லாத்தையும் குடுத்துட்டீங்க. இப்ப அது எங்க எல்லார்கிட்டயும் இருக்கு."

"சந்தோஷம் சார்."

"அதனால உங்ககிட்ட இப்ப தனியா எதுவும் இல்ல."

 பிறகு அக்காவின் குரல் மெல்லக் கேட்டது. "பொண்ணு இப்பதான் காலேஜ்ல சேந்திருக்கா சார். அவங்க அப்பாவுக்கும் வேலை இல்ல."

"படிப்புங்கிறதும் ஒரு பகிர்வுதாம்மா" என்றார் பொது மேலாளர். இதற்கு என்ன அர்த்தம் என்று நானும் கணக்காளரும் வெகுநேரம் ஆராய்ந்தோம். ஆழமான வாக்கியம். அடி தட்டுப்படவே இல்லை.

வெளியே வந்த அக்கா தம் மேஜையில் உட்கார்ந்தார். தொலைபேசி அடித்தது. எடுத்து, "சொல்லுங்கம்மா, துணி நனைஞ்சு கெடக்கா?" என்று கேட்டார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. நான்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

எங்கள் பிரிவுக்குப் 'பிரிவு' என்ற பெயர் முழுக்கப் பொருந்தியது மாதக் கடைசியில்தான். அக்காவுக்கு வழியனுப்பு விழா. அதற்கும் செலவில்லாத ஏற்பாட்டைப் பொது மேலாளரே செய்தார். "உங்க ஆப்பிள் இனிப்பையே கொண்டு வந்துடுங்கம்மா. எளிமையானதுதானே?"

அக்கா கொண்டுவந்தார். இந்தத் தடவை தூக்கு இன்னும் பெரியது. மூடியைத் திறந்து மேஜையில் வைத்தார். நாங்கள் தட்டும் கரண்டியுமாக வரிசையில் நின்றோம். பொது மேலாளர் குடும்பம், பாசம், பகிர்வு என்று பேசி, இந்த ஆண்டு நிறுவனத்துக்கு வரலாறு காணாத லாபம் என்ற நற்செய்தியோடு முடித்தார்.

அக்கா கேட்டார்: "அந்த லாபத்தையும் பகிர்ந்துக்கலாமா சார்?"

பொது மேலாளர் கொஞ்சமும் அசரவில்லை. "வீட்ல செஞ்சதைத்தாம்மா பகிர்ந்துக்கணும். லாபம் ஆபீஸ்ல செஞ்சது."

"அதுவும் சரிதான்" என்றார் அக்கா. தூக்கின் மூடியை அழுத்தி மூடினார். "இது வீட்ல செஞ்சது. வீட்ல பகிர்ந்துக்கிறோம்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூக்கை எடுத்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவரிடமும் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகும் பட்டை வாசனை மட்டும் அறையிலேயே நின்றது. பொது மேலாளர் காலித் தட்டைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, பகிர்வு மனப்பான்மையே இல்ல. இவங்களை வச்சுக்கிட்டு எப்படி முன்னேற முடியும்?" என்றார். நாங்கள் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினோம்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒற்றுமைக்குக் குறைவில்லை. அக்காவின் அழைப்புகளை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறோம். வாங்குகிற வசவையும் அப்படியே. சமாதானம் மட்டும் இல்லை. பொது மேலாளர் அடுத்த பயிற்சிக்கு வேறொரு மலைக்குப் போயிருக்கிறார்.

நேற்று ஒருவர் அழைத்தார். ஒட்டியிருந்த படிகளின்படி அவரை முழுக்கக் கத்தவிட்டேன். துணி நனைந்து கிடக்கிறதா என்று கேட்டேன். ஒரு கயிற்றில் போடச் சொன்னேன். எந்தக் கயிறு, யாருக்கு என்று கேட்டு இன்னும் அதிகமாகக் கத்தினார். கடைசியில் தொண்டை வற்றி, "அங்க ஒரு அம்மா பேசுவாங்களே, அவங்ககிட்ட குடுங்க" என்றார்.

"அவங்க இப்ப இல்ல சார்."

"இல்லையா? அவ்வளவு நல்லாப் பேசுறவங்களை என்னய்யா பண்ணீங்க?"

அதற்கு என்ன பதில் என்று அச்சடித்த படிகளில் தேடினேன். இல்லை. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"பகிர்ந்து சாப்பிட்டுட்டோம் சார்."