கணவாய் ஓடு கவர்ந்த படலம்

வாழ்க லபீப்! இஸ்கந்தரியா மாநகரத்து டிராம் வண்டிகளை ஒற்றைக் கைப்பிடியால் அடக்கியாண்ட பெருந்தகை வாழ்க! ஓய்வூதியமே கருவூலமாக, மூட்டுவலியே மெய்க்காவலனாக, மூன்றாம் மாடிப் பால்கனியே நாடாக வீற்றிருந்த அவ்வேந்தரின் புகழை இன்று பாட வந்தேன். கடலே, உன் இரைச்சலைச் சற்றுக் குறைத்துக்கொள். நான் சொல்வது பின்வரிசைக்கும் கேட்க வேண்டும்.

அந்நாட்டின் அரசி ஹானிம் என்னும் காதற்பறவை. பச்சை மேனியாள், ரோஜா முகத்தாள், கொக்கி மூக்காள், உள்ளங்கையில் அடங்கும் உருவத்தாள், எவர் உள்ளங்கையிலும் அடங்காத குணத்தாள். அவளுடைய கணவன் பாஷா பெயரளவில் மட்டும் பாஷா. அவள் தின்று முடித்த பிறகு உமியைக் கிளறி உயிர் வாழ்பவன். இக்குலத்துக்குக் காதற்பறவை என்று பெயர் வைத்த புண்ணியவான் எவரோ, அவர் ஒருநாளும் கூண்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தவர் அல்லர்.

அத்தகைய அரசிக்குச் சென்ற முறை வந்த முட்டை ஓடின்றித் தோல்போல் மெத்தென்று இருந்தது. அதை இட முடியாமல் அவள் இறகு சிலிர்த்து மூலையில் குன்றிக் கிடந்த பகல் முழுவதும், லபீப் அவளை வெந்நீர்ப் பையின்மேல் துணி விரித்துக் கிடத்தி, அருகிலேயே உட்கார்ந்து அழுதார். ஆம், மாவீரர்தாம், அழுதார். இப்போது ஹானிம் மீண்டும் பேரீச்சை ஓலையை நாடாவாகக் கிழித்து, முதுகின் கீழ் இறகுகளில் செருகிக்கொண்டு, கூட்டுப் பெட்டிக்குள் போய்வந்துகொண்டிருந்தாள். அடுத்த முட்டைக்குக் கெட்டியான ஓடு வேண்டும். அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கோ புயல் கரையில் ஒதுக்கும் கணவாய் மீனின் ஓடு வேண்டும். கடையில் விற்கும் பழைய ஓட்டை அவள் காலால் எட்டி உதைத்துவிட்டாள்.

ஆகவே புயலுக்காகக் காத்திருந்தார் லபீப். துடைப்பம் என்று ஊரார் பெயரிட்ட நவ்வா, அதாவது குளிர்காலப் புயல், நவம்பரில் வந்தது. தெருவையும் வானத்தையும் ஒருசேரப் பெருக்கித் தள்ளியது. அது வீசிய நாளெல்லாம், பக்கத்து வீட்டுப் பால்கனியையும் தம்முடையதையும் பிரிக்கும் பழைய சுவரோடு கூண்டை ஒட்டித் தள்ளி, கம்பளி போர்த்தி, முன்பக்கத்தை மட்டும் தூக்கித் தீனி வைத்தார். புயல் ஓய்ந்த காலையில் பறவை வளர்க்கும் பேட்டைவாசிகள் அனைவரும் கையில் பையுடன் கரைக்குப் பாய்ந்தனர். நம் வேந்தரின் முழங்கால்கள் படியிறங்கச் சம்மதித்து முடித்தபோது, கரை துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. பாறை இடுக்கில், சாண் நீளத்தில், வெண்மையாக, விரிசலின்றி!

ஐயகோ, மறுபுறத்திலிருந்து அதே பாறையை நோக்கி, குடையை வேலாக ஏந்தி வருவது யார்? பள்ளிப் பிள்ளைகளுக்குத் தையல் கற்பித்து ஓய்ந்த விதவை, அடுத்த வீட்டு மேடம் தௌலத் அல்லவா? மஞ்சள் காதற்பறவை ஒரு சோடியின் காவல் தெய்வமல்லவா? கண்ணும் கண்ணும் மோதின. முதல் முழக்கம் லபீப்பினுடையது:

"எட்ட நில்லுங்க மேடம்! என் ஹானிமுக்கு இது உயிர்ப் பிரச்சனை! டிராம் வந்தா ஒதுங்கணும், தெரியுமில்ல?"

"உங்க டிராமுக்குக் காத்துக் கெடந்தே என் பாதி ஆயுசு போச்சு, டிரைவர் உஸ்தா! என் பொண்ணும் முழுகாமத்தான் இருக்கா. எடுங்க கைய!"

அவர் ஒரு முனையைப் பற்றினார். அம்மையார் மறுமுனையைப் பற்றினார். இழுத்தார் அவர், இழுத்தார் இவர். குடை வளைந்தது, செருப்பு மிதந்தது. நடுநிலை வகித்த கடல் பொறுமையிழந்து ஓர் அலையை அனுப்பி இருவரையும் இடுப்பு வரை குளிப்பாட்டிய அக்கணத்தில், ஓடு சடக்கென்று நடுவே முறிந்தது. ஆளுக்குப் பாதி. இருவரும் தத்தம் பாதியே பெரிது என்று அறிவித்துவிட்டு, நடுங்கியபடி ஒரே படிக்கட்டில், ஒருவரையொருவர் பாராமல், ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்கி நின்று ஏறினர்.

வெற்றிவேந்தர் கம்பளியை விலக்கிக் கூண்டை முன்னே இழுத்தார். பாதி ஓட்டைக் கம்பியில் செருகினார். ஹானிம் அதை ஒற்றைக் கண்ணால் அளந்தாள். பிறகு அவருடைய கட்டைவிரலைக் கடித்தாள். வலியில் கையை உதறியபடியே அவர் கூட்டுப் பெட்டியைத் திறக்க, ஓலை மெத்தையின் நடுவே கிடந்தது ஒரு வெள்ளை முட்டை. நகத்தால் தட்டினார். டிக் என்றது. கெட்டி! கண்ணீர் மல்க நிமிர்ந்தவர், கூண்டு ஒட்டியிருந்த இடத்தை அப்போதுதான் பார்த்தார். சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஒரு தட்டளவுக்குக் காணாமல் போயிருந்தது. ஹானிமின் அலகில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. போர்க்களத்துக் குரல் அன்று. மிகவும் இறங்கிய குரல்.

"உஸ்தா... உங்க பக்கமும் செங்கல் தெரியுதா?"

லபீப் ஈரக் கால்சட்டையை மாற்றிக்கொண்டு, இரண்டு வீட்டுக்குமாகச் சிமென்ட் வாங்கப் போனார்.