கொடைக்குப் போன இருபது கம்பளி

சென்ற டிசம்பரில் நான் ஒரு முடிவெடுத்தேன். என் முடிவுகள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் என் மனைவி ஜெயபாயின் இலாகா.

திருவனந்தபுரத்தில் தெருவோரம் படுத்துக் கிடக்கிற ஏழைகளுக்கு இந்தக் குளிர்காலத்தில் கம்பளி கொடுப்பது. இருபது கம்பளி. இதுதான் முடிவு.

காரணம், பக்கத்து வீட்டு வேலாயுதன். போன வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம் கொடுத்து, குன்னத்துகால் ஜங்ஷனில் வைத்துப் பொன்னாடை வாங்கிவிட்டான். அன்று முதல் அவன் வெறும் பனியனோடு நின்றாலும் எனக்குப் பொன்னாடைதான் தெரிகிறது.

ஜெயபாயிடம் சொன்னேன்.

"அவங்களுக்குக் கம்பளிதான் வேணும்னு யாரு சொன்னா?" என்றாள்.

"குளிருக்குக் கம்பளி குடுக்காம பின்ன ஐஸ்கிரீமா குடுப்பாவ?"

"கேட்டுப் பாத்தியளா?"

"குடுக்கியவன் கேக்க மாட்டான். வாங்கியவனாக்கும் கேப்பான்."

"செரி," என்றாள்.

இந்தச் 'செரி' சாதாரணச் சொல் இல்லை. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் பயப்படுகிற ஒரே சொல். அதனால் அதற்குமேல் அவளிடம் மூச்சு விடவில்லை. கம்பளிகளை ரகசியமாக வாங்கி, ஷிபுவின் பலசரக்குக் கடையில் ஒளித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் ஜெயபாய் நெய்யாற்றின்கரைக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போவாள். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

காலையில் வானம் இருண்டு கிடந்தது. கடலில் தாழ்வு மண்டலமாம். நான் படியிறங்கினேன்.

"எங்கோட்டு?" என்றாள் ஜெயபாய்.

"தாலுகா ஆபீசுக்கு."

"கொடை உண்டா?"

குட்டு உடைந்துவிட்டதோ! எங்கள் பக்கத்துப் பேச்சில் தானமும் கொடைதான், குடையும் கொடைதான்.

"எ... எந்தக் கொடை?"

"மழைக்குப் பிடிக்கிய கொடையாக்கும். வேற எந்தக் கொடை உண்டு உங்க கையில?"

பதறிப் போய் ஓடினேன். ஷிபு கடையிலிருந்து கம்பளி மூட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு, கொடைவள்ளல் குடையில்லாமல் பாறசாலையில் ரயிலேறினேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கினால் மழை ஊற்றியது. குளிர்காற்று வேறு. இரண்டு மூட்டைகளையும் ஆட்டோவில் ஏற்றி ஒரு மேம்பாலத்துக்குப் போனேன். ரோட்டில் முழங்கால் வெள்ளம் நின்றதால் ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டார். தலையில் ஒன்று, தோளில் ஒன்று. ஆட்டு ரோமத்துக்கு இத்தனை தாகம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாலத்தின் அடியில் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு கம்பளியும் ஒரு முழு ஆட்டின் கனம் கனத்தது.

அங்கே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் ஒரு கம்பளியை நீட்டினேன். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இது வேண்டாம் அண்ணே," என்றார் அவர். "நனைஞ்சா நாலு நாளைக்குக் காயாது. பகல்ல வைக்கதுக்கும் இடமில்ல, கடைக்காரன் எடுத்து எறிஞ்சிருவான். எங்களுக்கு ஜெயபாய் அக்கா தந்தது உண்டு."

"யாரு?"

"ஜெயபாய் அக்கா. பாறசாலைக்காரி. எல்லாச் செவ்வாயும் வருவா."

உலகத்தில் எத்தனையோ ஜெயபாய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். தூணோரம் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் மேல் போர்த்தியிருந்தது நான்! மாலையும் கழுத்துமாக, கைகூப்பிச் சிரித்துக்கொண்டு. 'பணி ஓய்வு பெறும் ராஜையா அவர்களுக்கு நல்வாழ்த்துகள்.' இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பிளக்ஸ். வேலாயுதன்தான் திருடினான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

"வந்தாச்சா?" என்று பின்னால் ஒரு குரல். சேலையைத் தூக்கிச் செருகி, இரண்டு கையிலும் பையோடு ஜெயபாய் நின்றாள். முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"தாலுகா ஆபீசு... இந்த வழியாத்தான்..."

"செரி."

அதற்குள் அந்த அம்மாள் கூப்பிட்டார். "அக்கா, ஜெயச்சந்திரன் அண்ணனுக்கு விறயல் நிக்கல்ல!"

பாலத்தின் மறுகோடியில் ஒரு முதியவர் தொப்பலாக நனைந்து சுருண்டு கிடந்தார். இரவில் வெள்ளம் அவர் படுக்கைக்குள் ஏறிவிட்டதாம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. உடம்பு நடுங்கிப் பல் அடித்துக்கொண்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஜெயபாய் ஓடினாள்.

"உங்க தோளில தொங்கிய பிளாஸ்டிக் கவர்ல என்ன இருக்கு?"

"அது புது சட்டையும் வேட்டியும். போட்டோ எடுக்கும்போ..."

"இஞ்ச தாங்க."

என் கிறிஸ்துமஸ் வேட்டி அவர் இடுப்பில் ஏறியது. சட்டையும் ஏறியது. இரண்டு பெண்கள் துணி பிடித்துக் காற்றை மறைத்தார்கள். அவள் ஈரத் தரையில் உட்கார்ந்து, அவர் பாதங்களை மடியில் எடுத்து வைத்துத் துடைத்தாள். பிளாஸ்கிலிருந்து பால் சேர்க்காத கட்டஞ்சாயாவை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். ஏதோ மெல்லப் பேசிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம். அவர் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. "இப்ப குளிரல்ல மோளே," என்றார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவளோடுதான் இருபத்தெட்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். இவளை அன்றுதான் பார்த்தேன். சர்ச்சில்கூட எனக்கு அப்படிக் கண் கலங்கியதில்லை.

அவள் தைத்த போர்வையைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே பிளக்ஸ், மழை இறங்காது. உள்ளே பாலராமபுரத்துத் தறிக்காரர்கள் தந்த துண்டுத்துணி. பகலில் சுருட்டிக் கட்டினால் தோள்பை. பையை யாரும் எடுத்து எறிய மாட்டார்கள்.

"இந்த ஐடியா யாரு தந்தா?"

"இவங்கதான். நான் கேட்டேன்."

"கம்பளிய என்ன செய்யது?" என்றேன் கடைசியில்.

"காய வச்சு வெட்டி உள்ள தைக்கணும். இருபதுக்கு அறுபது ஆக்கலாம். அதுக்குத்தானே, நனையாம பரண்ல தூக்கி வைன்னு ஷிபுகிட்ட சொன்னேன். கடையில நனையல்ல. உங்க தலையிலயாக்கும் நனைஞ்சுது."

இப்போது விறயல் எனக்கு. ஜெயபாய் என் ஈரச் சட்டையை உருவி, ஒரு போர்வையைச் சுற்றிவிட்டாள். என் முதுகில் 'நிஜின், ஜோஸ்னா திருமண வரவேற்பு' என்று பெரிதாக எழுதியிருந்தது. தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் சோற்றுப் பொதி கொடுக்கிற வண்டி ஒன்று வந்து நின்றது. நோட்டும் பேனாவுமாக இறங்கிய பெண் நேராக என் முன்னால் வந்து குனிந்தாள். குரலில் அத்தனை கருணை.

"அப்பூப்பா, பேரெந்தா? எத்ர நாளாயி தெருவில்?"

தாத்தாவாம், எத்தனை நாளாகத் தெருவில் கிடக்கிறேனாம்! நான் ரிட்டயர்ட் ஹெட் கிளார்க் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜெயபாய் முந்திக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் வந்தாரு மக்கா. ஒரு அப்பளம் கூடுதலா வச்சுக் குடு."