வட்டத்துளைக்குள் கொம்பியூட்டர்

குருநகர்,
10.07.1989

அன்பும் பொறுமையும் (பொறுமை இன்று மிகவும் தேவைப்படும்) நிறைந்த மச்சான் செபநாயகத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உமது அக்கா பெர்னடெட்டும் சுகம். நோர்வேக் குளிரில் உமது மூக்கும் காதும் வைத்த இடத்திலேயே இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

நிற்க. பென்சன் எடுத்த மனுசன் பேசாமல் இருந்திருக்கலாம். நான் நடத்துகிற தட்டச்சு வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று உம்மிடம் கொம்பியூட்டர் கேட்டது என் பிழைதான். நீர் ஆள் மூலம் அனுப்பியது வந்து சேர்ந்தது. ஆனால் அதன் தகரக் கூடு பாரமென்று அந்த ஆள் அதைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஓடு கழற்றிய நண்டு போல வயரும் பலகையுமாக மேசையில் கிடந்தது. அதை எதற்குள் வைப்பது என்று தச்சன் கதிரவேலுவைக் கூப்பிட்டேன். அவன் அலுமாரியைத் தட்டினான், அரிசிப்பெட்டியைத் தட்டினான், கடைசியில் விறாந்தை மூலைக்குப் போய் ஒரு சீலையைத் தூக்கினான். மச்சான், கோபிக்க வேண்டாம். அது உமது ஸ்பீக்கர் பெட்டி.

நீர் எண்பத்தைந்தில் வெளிக்கிட்ட அன்று, "அத்தான், பெட்டியிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, நான் வந்து எடுப்பன்" என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. எங்கள் கலியாண வெள்ளிவிழாவில் நான் வாசித்த நன்றியுரை அந்தப் பெட்டிக்குள்ளால்தான் கடற்கரை வரை போனது; நான் முடிக்க முன்னமே நீர் பாட்டைப் போட்டு என்னை அமத்தியதும் அதே பெட்டியால்தான். அன்று கோபம் வந்தது. இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உமது அக்கா குறுக்கே வந்து நின்றார். "தம்பி நாளைக்கு வந்து 'என்ரை பெட்டி எங்கை?' எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்றார். நான் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். "உவன் எங்கை இனி வாறது!" என்றேன். நாலு நாள் எனக்குச் சோறு வந்தது, கதை வரவில்லை.

அந்த நாலு நாளுக்குள்தான் நானும் கதிரவேலுவும் பெட்டியைத் திறந்தோம். உள்பலகையில் நீர் பாட்டுப் போட்ட கலியாணம், திருநாள் எல்லாம் பென்சிலால் எழுதிக் கிடந்தன. கடைசி வரி: "85 கோவில் திருநாள்." ஸ்பீக்கரைக் கழற்றி, துடைத்து, சாறத்தில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். கொம்பியூட்டரின் திரையை அந்த வட்டத்துளைக்கு நேரே வைத்துப் பூட்டினோம். திரை சதுரம், துளை வட்டம். நாலு மூலையும் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. சனியன் பிடித்த இயந்திரம் கேட்கிற கேள்வியெல்லாம் இடது மேல் மூலையில்தான் கேட்கிறது! பிள்ளைகள் பதிலைத் தட்டுகிறார்கள், கேள்வி என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. சூட்டுக்குப் பின்பக்கத்தைத் திறந்து விட்டால், கோழி உள்ளே போய் முட்டையிட்டுவிட்டு வருகிறது. பக்கத்து வீட்டு மரியநாயகி கதிரையோடு வந்து முன்னால் குந்தியிருந்து, "சிமியோன் அண்ணை, உது பாடாதோ?" என்று கேட்டார். இயந்திரம் கீக் என்றது. "செபநாயகம் இருக்கேக்கை ஊரையே எழுப்பின பெட்டி, இப்ப கோழிக்குஞ்சு மாதிரிக் கத்துது" என்று கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கதிரவேலு பலகை அறுக்கிற வாளை எடுத்தான். "அண்ணை, துளையைச் சதுரமாய் வெட்டினால் அரை மணித்தியால வேலை" என்றான்.

"வெட்டினால் பிறகு ஸ்பீக்கரைப் பூட்ட ஏலாதடா."

"ஆர் வந்து பூட்டப் போறது?"

வாளைப் பறித்து வைத்துவிட்டு அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னேன். ஆகவே வெட்டலாமா கூடாதா என்று நீர் ஒரு வரி எழுதும். அதுவரை வட்டம் வட்டமாகவே இருக்கும், பிள்ளைகள் நடுவில் தெரிவதை மட்டும் படிப்பார்கள்.

உமக்குச் சுகமும் நல்ல சாப்பாடும் அந்தோனியார் தருவாராக. அக்காவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
பெட்டிக் கள்வன்,
அத்தான் சிமியோன்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முன்னம் கோவில் திருநாள் வந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி பிரார்த்தனை தொடங்கவே படுத்துவிட்டது. பங்குச் சுவாமி ஆள் அனுப்பினார். நானும் கதிரவேலுவும் கொம்பியூட்டரை உருவி எடுத்துவிட்டு ஸ்பீக்கரைப் பூட்டிக் கொண்டுபோனோம். மச்சான், அளவு அப்படியே பொருந்தியது. முதல் சத்தம் வந்ததும் சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்து, "செபநாயகம் வந்திட்டானோ?" என்றது. உமது அக்கா என்னைப் பார்க்காமல், "இல்லை, இனித்தான் வருவான்" என்றார். வீட்டுக்கு வந்து உள்பலகையில் உமது கடைசி வரிக்குக் கீழே "89" என்று எழுதினேன். எனவே மேலே கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம். கொம்பியூட்டர் திரும்பவும் அம்மணமாக மேசையில் கிடக்கிறது. அதற்கொரு தகரக் கூடு வாங்கும். இந்த முறை ஒருவரிடமும் கொடுத்தனுப்பாமல் நீரே கொண்டுவாரும்.