என் இடது கையில் இரையும் அருவி

குற்றாலம்,
9-7-1969

வீரகேரளம்புதூர் மைத்துனர் நெல்லையப்பனுக்கு உம் அக்காள் புருஷன் ரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம் அக்காள் சங்கரம்மாளும் மூன்று ஆடுகளும் நலம். அங்கே உம் வீட்டாரும் மாடு கன்றும் நலமாக இருக்கக் குற்றாலநாதர் பார்த்துக்கொள்வார்.

இதை நானே எழுதுகிறேன். முதியோர் பள்ளியில் நாலு மாதம் உட்கார்ந்ததன் பலன். இந்த மூன்று வரிக்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. ஆகையால் பாதியில் மடித்துவைக்காமல் கடைசிவரை வாசியும்.

திங்கட்கிழமை என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். நான் போகமாட்டேன். உம் அக்காள் போயே தீரவேண்டும் என்கிறாள். நீர்தான் அவளுக்கு நாலு வார்த்தை எழுதி என்னைக் காப்பாற்ற வேண்டும்.

என் குண்டிக்காய் (டாக்டர் பாஷையில் கிட்னி) இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் கழுவி உள்ளே விடவேண்டும் என்று, சீசனுக்கு வந்து என்னிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் டாக்டர் பட்டணத்துக்கு அழைத்துப்போனது உமக்குத் தெரியும். முன்னேற்பாடாக இடது மணிக்கட்டை அறுத்து, நாடி ஓடும் குழாயைப் பக்கத்து நரம்போடு சேர்த்துத் தைத்துவிட்டார். "அருவித் தண்ணியைச் சின்ன வாய்க்கால்ல திருப்பிவிட்டிருக்கேன். வாய்க்கால் அகலணும், கரை தடிக்கணும். ஆறு வாரம் ஆகும். அப்புறம்தான் ஊசி குத்த முடியும். அந்தக் கையைக் கட்டவோ அமுக்கவோ கூடாது. ரப்பர் பந்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருங்க" என்றார்.

பந்து எதற்கு, ஆட்கள் இருக்கும்போது? தேய்த்துக்கொள்ள வந்தவர்களை இடது கையால் மட்டும் பிசைந்தேன். செங்கோட்டை வியாபாரி ஒருவர் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று எழுந்து, மறுபக்கத்துக்கு வேறு ஆளைக் கேட்டார்.

மூன்றாம் வாரம் நரம்பு புடைத்துக்கொண்டது. என்னோடு எண்ணெய் தேய்க்கும் ஆதம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நரம்பு சுருண்டு கெடக்கு. ரெண்டு நிமிசத்துல நீவி உள்ள தள்ளிருதேன்" என்று எண்ணெய்க் கையோடு பாய்ந்தான். "ஏலே, தொட்டேன்னா கொன்னுருவேன்! நானூறு மைல் போய் வாங்கிட்டு வந்த வீக்கம்லே இது!" என்றேன். நாற்பது வருஷம் ஊரார் வீக்கத்தை நீவிக் கரைத்தவன் வாயில் இப்படி ஒரு பேச்சு.

பிறகு உம் அக்காள். நரம்பு உர்ரென்று இரைவதைக் காதுவைத்துக் கேட்டவள், காத்து கருப்பு புகுந்துவிட்டதென்று, நான் மத்தியானம் தூங்கும்போது கோயில் கறுப்புக் கயிற்றை அதே மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டாள். விழித்துப் பார்க்கிறேன், இரைச்சலே இல்லை. அரிவாள்மணையில் கயிற்றை அறுத்தோம்.

"ஏட்டி, இரையுதா?"

"இரையலையே..."

"நல்லா காதை வச்சுக் கேளு!"

"உங்க வாயை மூடுனாத்தானே கேக்கும்!"

மூடினேன். இரைந்தது. அவள் அழுதாள், நானும் அழுதேன், மறுநாள் தெருவே வரிசையில் வந்து காதுவைத்துவிட்டுப் போயிற்று.

இப்போது நரம்பு சுண்டுவிரல் பருமன். இத்தனை ரத்தம் இப்படி இரைந்து ஓடும்போது அதுவே தன்னைக் கழுவிக்கொள்ளாதா? மெஷின் எதற்கு? மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் இருக்கட்டும். அருமையாக வளர்த்த நரம்பில் ஈர்க்குப் பருமன் ஊசியைக் குத்துவார்களாம். உம் அக்காளோ, "சோத்தைப் பொங்கி வச்சுட்டு, பானையைப் பாத்துக்கிட்டே பட்டினி கெடப்பீகளோ?" என்கிறாள். ஆகவே "அத்தான் போகவேண்டாம்" என்று உடனே எழுதவும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உம் மனைவி அனுப்பிய அப்பளத்தை, எனக்கு உப்பு ஆகாது என்பதால், ஆதம் தின்று நன்றாக இருப்பதாகச் சொன்னான்.

இப்படிக்கு,
ரத்தினம்
(கையெழுத்து. கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: தென்காசி ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உம் அக்காள் டிக்கெட் எடுக்க நிற்கிறாள். காலையில் கிணற்றடியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தேன். அவள் பெட்டியை எடுத்தாள். நான் செருப்பைப் போட்டேன். மேலே 'போகமாட்டேன்' என்று இருப்பதை நீரே அடித்துவிட்டு வாசியும். எனக்கும் அடிக்கத் தெரியும். அந்த ஒரு சொல்லை எழுத அரைமணி நேரம் ஆயிற்று, மனம் வரவில்லை.