மச்சான் சிரிப்புக்கு இடைக்காலத் தடை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வழக்கம்போல் மெல்லிய குரலில் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் தொண்டையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் வரப்போவதாகப் போனில் சொன்னீர்களாம். இந்த வீட்டுக் கதவு தங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும். ஆனால் தங்கள் வாய் இன்னும் கொஞ்ச நாளைக்கு மூடியிருக்க வேண்டியிருக்கிறது. அது தங்களால் ஆகாத காரியம் என்பதால், பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. கடைசியாக எங்கள் கூடத்தில் உட்கார்ந்து தாங்கள் ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, உங்கள் தங்கை தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள், தாங்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து தாங்கள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டிவிட்டுப் போகிறீர்கள், நானும் உள்ளே நின்று ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி ஆட்டுகிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குக் கட்டிக்கொண்டவளுக்கு வந்தே தெரிந்துவிட்டது. கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். எவர்சில்வர் கரண்டிகளை ஒழித்துவிட்டு மரக்கரண்டி வாங்கினேன். மிக்ஸியைப் பக்கத்து வீட்டில் குடிவைத்தேன். தும்மல் வந்தால் தெருமுனைக்கு ஓடினேன். ஸ்டேஷனில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி ரயில் வருகையை அறிவித்த வாய், வீட்டில் 'சாப்பிட்டியா' என்று கேட்க உதட்டை மட்டும் அசைத்தது. அப்படியே பழகிப்போய், ஓய்வு பெற்ற பிறகு கடைத்தெருவிலும் எனக்கு அந்தக் குரல்தான் வருகிறது. காய்கறிக்காரர் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு கொசுறு கூடப் போடுகிறார். நான் மறுப்பதில்லை.

அவளைச் சொல்ல வேண்டும், மச்சான். தங்கை என்பதற்காகத் தாங்கள் பெருமைப்பட்டால் போதாது, அதற்கும் மேலே பட வேண்டும். பாதித் தலை இடித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவிங் ஸ்கூலுக்குக் கற்றுக்கொடுக்கப் போவாள். பக்கத்தில் ஒருவன் கியரைக் கரகரவென்று அரைத்துக்கொண்டிருப்பான். இவள் பையில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல, கிளட்சை முழுசா மிதி" என்பாள். ஒருநாள் எதிர்வெயிலில் கண்ணே தெரியாமல் போனபோதுதான் ஸ்கூல் கார்ச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து வேலையை விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அழுதது நான்தான், அதுவும் சத்தமில்லாமல்.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒற்றைத் தலைவலிக்கு ஓர் ஊசி வந்தது. வந்த வலியைப் போக்குவதற்கு இல்லை, வலி வராமலே தடுப்பதற்கு. மாதம் ஒன்று. செலவு முழுவதும் அரசாங்கத்தினுடையது. அதையே வெளியில் வாங்கினால் எங்கள் வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு ஊசியில் ஏற்ற வேண்டியிருக்கும். ஊசி போடுகிற நர்ஸை நாங்கள் ஊசி அக்கா என்போம். குத்தியது தெரியாத கை. கொஞ்சம் கொஞ்சமாக வலி விலகியது. மாதத்தில் பாதி நாள் படுத்திருந்தவள், எப்போதோ ஒருநாள் தலையைப் பிடித்தாள், மற்ற நாளெல்லாம் என்னைப் பிடித்தாள். மறுபடியும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலையில் இருந்த காலமெல்லாம் வரிப்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும்போது நான் திட்டாத திட்டில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. முகம் தெரியாத எத்தனையோ பேர் முறைவைத்து வந்து உங்கள் தங்கையின் தலையைப் பிடித்துவிட்டுப் போகிறார்கள், வேறென்ன?

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வருஷம் ஒருமுறை நோயாளியைப் பார்த்துத்தான் ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்களாம். காய்ச்சல் போன பிறகு எவனாவது மாத்திரை கொடுப்பானா? இவள் கன்னம் மின்னப் போய் நின்றால், 'நன்றாகத்தானே இருக்கிறீர்கள், போய் வாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். ஊசி நின்றால் வலி திரும்பும், வலி திரும்பினால் இருட்டறை, மரக்கரண்டி. அதை நினைக்கக்கூட என்னால் முடியவில்லை. எனவே என் மூளையைப் பயன்படுத்தினேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

ஒரு வாரம் அவளுக்கு ஒத்திகை நடத்தினேன். கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றிச் சால்வை, நெற்றியில் ஈரத்துணி. "எனக்கு நடிக்க வராதுங்க" என்றாள். "எத்தனை வருஷ அனுபவம், நடிக்க என்ன இருக்கு?" என்றேன். எனக்காக ஒத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் கண் கூர்மை. "எப்படிம்மா இருக்கு தலைவலி?" என்றார். இவள் ஒரு முனகல் முனகினாள். நான் அவர் காதருகே குனிந்து, "அப்படியேதான் இருக்கு டாக்டர், ஒரு மாற்றமும் இல்ல" என்று கிசுகிசுத்தேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"அப்ப ரொம்ப வருத்தமா இருக்குங்க. இந்த மருந்து வேலை செஞ்சாதான் தொடர்ந்து குடுக்க முடியும். வேலை செய்யலேன்னா நிறுத்திடணும். அதான் விதி."

ஆப்பை அசைத்த குரங்கின் வால் என்ன பாடுபட்டிருக்கும் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. "இல்ல டாக்டர், வேலை செய்யுது! நல்லா இருக்கா! சண்டையெல்லாம் போடறா!" என்று கத்தினேன். கத்தினதாக நினைத்தேன். வந்தது அதே கிசுகிசு. டாக்டரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிறுத்தப் போறோம்னு சொன்னதும் எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. எனக்குப் புரியுது" என்றார். பொய்யை உடனே நம்பினவர், உண்மையை நம்ப மறுத்துவிட்டார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் தலையில் அல்லவா போட்டுவிட்டேன்?

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேன் ரிவர்ஸில் வந்தது. சலவைக்குப் போகிற மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஓட்டுபவன் கண்ணாடியைப் பார்க்காமல் எதையோ மென்றுகொண்டே, நிறுத்தியிருந்த ஒரு புதுக் காரை நோக்கிப் பின்னால் வந்தான். உங்கள் தங்கை எழுந்தாள். சால்வை ஒரு பக்கம் போயிற்று, ஈரத்துணி டாக்டரம்மா மேஜையில் விழுந்தது, கறுப்புக் கண்ணாடி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. முகத்தில் நேராக அடிக்கிற வெயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு,

"ஏய்! பிரேக்! பிரேக்கை மிதி! கண்ணாடி எதுக்கு வச்சிருக்கே, தலை சீவவா? முன்னாடி எடு! இப்ப இடது பக்கம் ஒடி! முழுசா ஒடி! ஒடி...ச்சு வா! இன்னும் வா! போதும், நேராக்கு!"

மச்சான், அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒருகணம் இடது பக்கம் ஒடித்திருப்பார்கள். வேன் தப்பியது. கார் தப்பியது. அது டாக்டரம்மாவின் கார்.

டாக்டரம்மா மெதுவாக, "இவ்ளோ வெளிச்சத்துல, இவ்ளோ சத்தம் போட்டீங்களே. இப்ப தலை எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"தலைக்கு என்ன, தொண்டைதான் வலிக்குது" என்றாள் உங்கள் தங்கை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இவர் சொல்லிக்குடுத்தது டாக்டர். பயந்த மனுஷன், மன்னிச்சுடுங்க" என்றாள்.

ஊசி அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டு, தொடரலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எனக்கும் தனியாக ஒரு டோஸ் அறிவுரை கிடைத்தது, அது இங்கே வேண்டாம்.

அங்கிருந்து ஒப்புதல் இன்னும் வரவில்லை. அதுவரை எனக்கு உயிர் உயிராக இருக்காது. இந்த இடைவெளியில் தாங்கள் வந்து, பழைய மாதிரி ஒரு சிரிப்பு சிரித்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தாங்க மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன், இப்போது வர வேண்டாம். தடை இடைக்காலத் தடைதான். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, தங்களுக்கு மட்டும் கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கையாட்டல்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். ஒப்புதல் வந்துவிட்டது, காலையில் ஊசி அக்கா போன் பண்ணினாள். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. அவரிடம் சொன்னேன், "அப்படியா" என்று உதட்டை அசைத்தார். சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தண்ணீர், வாயில் சத்தம் வரவில்லை. அவர் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இருட்டறையில் கிடந்த நாளிலெல்லாம் காற்றோடு ஸ்டேஷனிலிருந்து அவர் குரல் வரும். எந்தச் சத்தமும் ஆகாத எனக்கு அது ஒன்றுதான் வலிக்காது. அந்தக் குரலுக்காகத்தான் காத்துக்கொண்டு கிடப்பேன். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே கழற்றி வைத்துவிட்டு வருவார். என் தலைக்கு அரசாங்கம் ஊசி போடுகிறது, அவர் தொண்டைக்கு யார் போடுவார்கள்? அடுத்த மாதம் வேண்டாம், இந்த வாரமே வா. கேட்டில் நிற்காதே. கூடத்தில் வந்து உட்கார்ந்து, அலமாரிக் கண்ணாடி உடைகிற மாதிரி சிரி. அவரும் சிரிக்கிறவரைக்கும் நிறுத்தாதே.