பட்டாளத்தாரின் சுண்ணாம்பு வீடு

சுவரே இல்லாத வீட்டில் மனிதர்களை முட்டிக்கொள்ள வைத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் பட்டாளத்தார்தான். அவருடைய நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. மதுரையில் யாருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

முதல் உலகப் போரில் ஈராக்கின் பஸ்ரா வரை போய், பட்டாளத்துக்குக் கட்டடப் படம் வரைந்தவர். திரும்பி வந்து மேலூர்ப் பக்கத்துப் பணக்காரர்களுக்கு பங்களா பங்களாவாகக் கட்டித் தள்ளினார். நான் பார்த்தது எழுபதுகளில். அப்போது அவருக்கு எண்பது வயது இருக்கும். காக்கி அரை டவுசரும் கழுத்தில் விசிலுமாக சைக்கிளில் திரிவார். "நான் கட்டுன கட்டடமும் விழுந்ததில்ல, என்னையச் சுட்டவனும் ஒழுங்கா குறி பாத்ததில்ல" என்பார். இரண்டுமே உண்மைதான்.

அவரிடம் ஒரு விபரீதப் பழக்கம். காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டைக் கோடு போட்டுவிடுவார். அதற்குள் குடும்பமே ஒரு நாள் முழுக்கக் குடியிருந்து காட்ட வேண்டும். அப்புறம்தான் பேப்பரில் பென்சிலை வைப்பார்.

வில்லாபுரத்தில் அப்பா மனை வாங்கியபோது எனக்கு வேலை கிடைத்த புதிது. ஆபீஸ்காரர்கள் வந்தால் அசந்துபோகிற மாதிரி பெரிய ஹால் வேண்டும் என்பது அப்பாவின் கனவு. மிச்சம் கிடந்த மூலையில் ஆறுக்கு ஆறடியில் அடுப்படி. அம்மாவுக்கோ மூச்சிழுப்பு. வாடகை வீட்டுப் புகையில் இருமி இருமியே பாதி உடம்பாகியிருந்தாள். புது வீட்டிலும் இதே கதிதானா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்தார் அப்பா சொன்ன அளவிலேயே கோடு போட்டுவைக்க, பாய், பானை, விறகடுப்பு சகிதம் வெட்டவெளியில் குடியேறினோம். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பட்டாளத்தார் மடக்கு நாற்காலியில் அமர்ந்தார். வெற்றிலை துப்ப அப்பா நாலு எட்டு வைத்தார். உடனே விசில்!

"தம்பி, செவுத்துல மோதிட்டீக. வாசல் வழியாப் போங்க!"

பத்து மணிக்குள் அப்பா ஏழு தடவை மோதினார். நான் கக்கூஸுக்குள் பாயை விரித்துப் படுத்து ஊர் சிரிக்கப் பெயர் வாங்கினேன். எங்கிருந்தோ ஓர் எருமை நேராக ஹாலுக்குள் வந்து நின்றது. அதற்கும் விசில்.

"யாருப்பா எருமைக்காரன்? வாசல் வழியா ஓட்டிட்டுப் போ!"

அந்த ஆளும் பயந்துபோய் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று விசில் வாங்காத ஒரே ஆள் அம்மா. அடுப்படிக் கோட்டுக்குள் உட்கார்ந்து சமைத்தவள், காற்று திரும்பிப் புகை முகத்தில் அடித்தபோதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். ஓர் எட்டு எடுத்து வைத்தால் நல்ல காற்று. ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. மத்தியானம் வரை சிரித்துக்கொண்டிருந்த கிழவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

பிறகு எழுந்து வந்தார். அடுப்படிக் கோட்டைக் காலால் அழித்து, ஹாலுக்குள் ஆறடி தள்ளிப் புதுக் கோடு போட்டார்.

"ஐயா, ஹால் சுருங்கிப் போகுமே!" என்று அப்பா அலறினார்.

"தம்பி, பஸ்ராவுல பிடிபட்ட கைதிகளுக்கு நாந்தான் கொட்டடி வரஞ்சேன். எதிராளிக்கே ஒங்க அடுப்படிய விட ரெண்டடி கூடக் குடுத்தேன். இவுக என்ன தப்பு பண்ணாக?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஜன்னலையும் பெருசா வச்சிருங்கய்யா" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஹாலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்தார் நேராக அடுப்படிக்குப் போனார். நிலைவாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"தாயி, உள்ள வரலாமா?"

அதுவரை அம்மாவிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை. அம்மா இருமல் குறுக்கிடாமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

"வாங்கய்யா" என்றாள், வீட்டுக்காரியாக.