உறுப்பினர் கோதண்டம் தம் வார்டில் தங்கிய மூன்று நாட்கள்

மக்களாட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏதென்ஸில் தொடங்குகிறார்கள். விவரம் தெரியாதவர்கள். ஒரகடத்தில் தொடங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் மாவட்ட ஊராட்சி உறுப்பினர் கோதண்டம் அவர்கள் ஒரகடத்தில்தான், லிஃப்ட் உள்ள கட்டடத்தின் நான்காம் மாடியில் வசிக்கிறார்.

அவர் பிரதிநிதித்துவம் செய்வது மாவட்டத்தின் வடகோடியிலுள்ள வெள்ளேரிமேடு வார்டை. ஐந்து ஆண்டுகளில் அங்கே இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டும் வாக்குச் சேகரிக்க. "கிட்ட இருந்து பார்த்தா ஒரு தெரு தாண்டா தெரியும் புருசு, தூரத்துல இருந்தாத்தான் முழு வார்டும் தெரியும்" என்பார். நான் புருஷோத்தமன். அவருடைய உதவியாளன். சொந்த ஊர் வெள்ளேரிமேடு என்பதால் 'அடித்தட்டு மக்களின் குரல்' என்று என்னை அறிமுகப்படுத்துவார். அதற்குப் பிறகு நான் பேசுவதில்லை.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஏரியின் உபரிநீர்க் கால்வாய். அதன் குறுக்கே ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அது தண்ணீருக்கு அடியில் போய்விடும். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் அக்கரையில் நிற்கும், விடியற்காலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பும். தொடர்ந்து மூன்று நாள் வராத காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு நான்காம் நாள் வேலை இருக்காது. போன மழையில் ஒன்பது பெண்கள் இப்படி 'ஓய்வு' பெற்றார்கள்.

இந்த மழைக்கு முன்பே என் அக்கா கங்காவும், அவளுடன் அதே லைனில் வேலை செய்யும் செல்லக்கனியும் உறுப்பினரைப் பார்க்க வந்தார்கள். செல்லக்கனி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வாடகை குறைவு என்று எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

"தண்ணி இடுப்புக்கு மேல வருதுண்ணா. யூனிஃபார்மை கவர்ல சுத்தி தலை மேல வச்சிகினு போறோம். ஒரு மேம்பாலம் கட்டிக் குடுங்க" என்றாள் கங்கா.

உறுப்பினர் கண்களை மூடித் திறந்தார். "பாலம் இன்னாம்மா பாலம்? எல்லா ஊர்லயும் கீது. உங்களுக்கு நான் கப்பல் வுடறேன்."

"கப்பலா? ஓட்டுறதுக்கு ஆளு வேணும்லா அண்ணாச்சி?" என்றாள் செல்லக்கனி.

"அதுக்கு ஒரு கமிட்டி போட்டாச்சு."

கமிட்டியில் நானும் அவரும் இருந்தோம். மூடப்பட்ட ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து, காலால் மிதித்து ஓட்டும் அன்னப்படகு ஒன்று நன்கொடையாக வந்தது. நான்கு இருக்கைகள். ஊரில் வேலைக்குப் போகிற பெண்கள் நாற்பது பேர். 'வடகோடி நீர்வழிப் போக்குவரத்துத் திட்டம்' என்று நான்தான் பெயர் வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழையில், திறப்புவிழா. உறுப்பினரும் நானும் புகைப்படக்காரன் ஹேமந்தும் அன்னத்தில் மிதித்துக் கால்வாயைக் கடந்தோம். ஊர்க் கரையில் இறங்கிய உறுப்பினர் ஐம்பது நிமிடம் பேசினார். படகைக் கட்டிவைக்க வேண்டும் என்பது கமிட்டியில் விவாதிக்கப்படவில்லை. ஏரி நிரம்பி வழிந்தது. "இந்த அன்னம் உங்களை விட்டு என்றும் அகலாது" என்று அவர் முழங்கியபோது, அது கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இவ்வாறாக உறுப்பினர் தம் வார்டில் தங்கினார்.

எங்கள் வீட்டில்தான் தங்கினார். கரண்ட் இல்லை, டவர் இல்லை. "இன்னாடா புருசு, இங்க மனுசன் இருப்பானா?" என்று முதல் நாளே கேட்டார். அவருடைய ஐந்தாண்டுப் பொதுவாழ்வில் வார்டின் நிலை குறித்து அவர் எழுப்பிய முதல் கேள்வி அது.

புதன், வியாழன் இரண்டு நாளும் யாரும் வேலைக்குப் போக முடியவில்லை. வியாழன் மாலைக்குள் செல்லக்கனி ஒரு காரியம் செய்தாள். வீட்டுக்கு வீடு தண்ணீர் பிடித்துவைக்கும் நீல டிரம்களில் எட்டைக் காலி செய்து, மூடி இறுக்கி, இரண்டு பழைய கதவுகளுக்கு அடியில் கட்டினாள். "எங்கூர்ல சின்னப்புள்ளையளே கட்டும்" என்றாள். கங்கா இடுப்பில் கயிற்றோடு கழுத்தளவுத் தண்ணீரில் போய் அக்கரைப் புளியமரத்தில் கட்டிவிட்டு வந்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் தெப்பம் போகும்; பின்னால் கட்டிய கயிற்றால் வெறும் தெப்பத்தை ஊர்க் கரைக்கு இழுத்துக்கொள்ளலாம். ஒரு நடைக்கு ஆறு பேர். போய்த் திரும்ப இருபது நிமிடம்.

வெள்ளி விடியற்காலை எல்லோருக்கும் அது மூன்றாம் நாள். நாற்பது பேரையும் நேரத்துக்குக் கடத்த வேண்டுமென்று மூன்றரை மணிக்கே தொடங்கிவிட்டார்கள். ஆறு நடையில் முப்பத்தாறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி நடைக்கு நான்கே பேர். கூட இருவர் ஏறலாம். கங்காவும் மற்றவர்களும் உட்கார்ந்த பிறகு உறுப்பினர் குடையோடு வந்தார்.

"நான் போவணும். பதினோரு மணிக்கு ஒரகடத்துல பெரிய தலைவர் வர்றாரு. சட்டமன்றத்துக்கு ஆள் எடுக்கிறாங்க."

"ஏறுங்க. ரெண்டு எடம் கீது" என்றாள் கங்கா.

"படம் எடுக்க ஹேமந்து வோணும். குறிப்பு எடுக்க புருசு வோணும். குடைய விரிக்கணும், அதுக்கு ரெண்டு எடம் வோணும்."

"இருபது நிமிசம் இருந்தா உங்களுக்குத் தனியாவே தெப்பத்த அனுப்புதோம் அண்ணாச்சி. எங்களுக்கு பஸ்ஸு போயிரும்லா?" என்று செல்லக்கனி கயிற்றைப் பிடித்தபடி கெஞ்சினாள்.

"உங்களுக்கு பஸ்ஸு. எனக்கு ஹிஸ்டரி!"

தெப்பம் கிளம்பியபோது அதில் உறுப்பினர், ஹேமந்த், நான், குடை, கயிறு இழுக்கச் செல்லக்கனி ஆகியோர் இருந்தோம். மூன்று பெண்கள் கரையில் நின்றார்கள். பஸ் ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பியது. கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. மூவருக்கும் வேலை போயிற்று.

படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது: 'வெள்ளத்தில் மக்களோடு மூன்று நாள்!' பெரிய தலைவர் உறுப்பினரின் தோளைத் தட்டினார். வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. டிரம்களும் கதவுகளும் அவருடைய யோசனை என்று நான் எழுதிய குறிப்பை அவரே படித்து வியந்தார்.

மாவட்ட ஊராட்சிக் கூட்டத்துக்காக ஒரு நன்றித் தீர்மானம் எழுதச் சொன்னார். எழுதினேன்: 'மக்கள் பணி தடைப்படக் கூடாதென்று தாமாகவே முன்வந்து தெப்பத்தில் இடம் தந்த மூன்று வீரப் பெண்மணிகள்…' நல்ல வாக்கியம். வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தேன்.

கங்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வேலை போனதிலிருந்து வீட்டில் இருக்கிறாள்.

"தாமாவா?" என்றாள். "நாங்க யாரும் எய்ந்துக்கலடா. அவரு கூட வாயாலதான் கேட்டாரு. என் தோளைப் புட்சி எறக்கி வுட்டது நீதான்."

அந்த வாக்கியத்தைத் திருத்த எனக்கு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.